நாகையில் ரயில், காங்கேசன்துறையில் ரயில், நடுவில் நாலு மணி நேரக் கடல்

“அண்ணே, கொழும்புக்கு ஒரே டிக்கெட்டாப் போட்டுத் தர முடியுமா?” வாரத்துக்கு ஒருவராவது கடைக்கு வந்து இதைக் கேட்கிறார்கள். நாகப்பட்டினத்தில் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ரயில் டிக்கெட், விண்ணப்பம் நிரப்புவது என்று பிழைப்பு நடத்துபவன் நான். கப்பல் விட ஆரம்பித்த பிறகு பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தத்தையும் ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். 2025 கோடையில் மனைவியோடு நானும் போய் வந்தேன், ஆகவே இதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடி கேட்ட கதை இல்லை.

ஒரே டிக்கெட் ஒரு காலத்தில் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கே இறங்கினால் பக்கத்திலேயே கப்பல், தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு ரயில் தயாராக நிற்கும். போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனது. அப்புறம் ராமேசுவரத்திலிருந்து கொஞ்ச காலம் கப்பல் ஓடி, 1980களில் அதுவும் நின்றது. ரயில் மட்டும் இன்றைக்கும் சென்னையிலிருந்து ராமேசுவரத்துக்கு அதே பழைய பெயரோடு போய்க்கொண்டிருக்கிறது.

அந்தப் பெயரால் வருகிற வம்பு கொஞ்சநஞ்சமில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ராமேசுவரத்துக்கு மறுபடி ரயில் போனதும், “அங்கேயிருந்து கப்பல் ஏறிடலாமே” என்று இரண்டு பேர் என்னிடம் அடம்பிடித்தார்கள். ராமேசுவரத்திலிருந்து இலங்கைக்குப் பயணிகள் கப்பல் கிடையாது. எதிர்க்கரையில் தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் 2015இல் தண்டவாளத்தைப் புதிதாகப் போட்டு ரயில் விட்டாயிற்று. இரண்டு கரையிலும் ரயில் வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, நடுவில்தான் ஒன்றும் இல்லை. ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்: கப்பல் நாகையிலிருந்து, இறங்குமிடம் யாழ்ப்பாணத்துக்கு வடக்கே காங்கேசன்துறை.

முதலில் கப்பல், பிறகுதான் ரயில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாதிப்பேர் ரயில் டிக்கெட்டை முதலில் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அந்தத் தேதியில் கப்பலே இருப்பதில்லை. இந்தக் கப்பல் சேவையின் வரலாறே விட்டு விட்டு ஓடியதுதான். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற கப்பலை வைத்துத் தொடங்கினார்கள், ஒரு வாரத்துக்குள் மழைக்காலம் என்று நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 16 முதல் இண்ட்ஸ்ரீ என்ற தனியார் நிறுவனம் ‘சிவகங்கை’ கப்பலை விட்டது, 150 பேர் போகலாம். அதுவும் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி தொடங்கியது. அப்போது போக வரக் கட்டணம் 8,500 ரூபாய். இன்றைய கட்டணத்தையும் வாரத்தில் எந்தெந்த நாள் ஓடுகிறது என்பதையும் நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், முன்பதிவும் அங்கேதான்.

மாதத்தைப் பொறுத்தவரை என் கணக்கு எளிது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் திட்டம் போடாதீர்கள். வாடை அடிக்கிற நேரத்தில் நாகை மீனவர்களே வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இறங்குவார்கள், உங்களுக்கு என்ன தலையெழுத்து? மாசியிலிருந்து ஆவணி வரை பரவாயில்லை. அப்போதும் திடீரென்று ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் கப்பல் கிடையாது என்று முதல் நாள் தகவல் வரும். அதனால் டிக்கெட்டில் உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள். என்னைப் போன்ற கடைக்காரன் எண்ணைக் கொடுத்துவிட்டால் குறுஞ்செய்தி எனக்கு வரும், நான் சாப்பாட்டுக்குப் போயிருப்பேன்.

இப்போது பெயர் விவகாரம். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் நிஜமாகவே கஷ்டமானது இது ஒன்றுதான். நமக்கு இனிஷியல், வெளிநாட்டுப் படிவத்துக்குக் குடும்பப் பெயர். ரயில் டிக்கெட்டில் ‘எஸ். முருகேசன்’ என்று இருந்தால் பரிசோதகர் ஒன்றும் சொல்லமாட்டார். பாஸ்போர்ட்டில் அதே ஆள் ‘முருகேசன் சுப்பிரமணியன்’ என்று இருப்பார். கப்பல் டிக்கெட்டிலும் இலங்கைக்கான இணைய அனுமதியிலும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, அதே எழுத்துக்கூட்டலில், அதே கட்டத்தில் போட வேண்டும். குடும்பப் பெயர் என்ற இடம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால் குழம்புவதற்கு இன்னும் வசதி. அப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதச் சொல்வேன், அதை வைத்துத்தான் தட்டச்சு செய்வேன். வாயால் சொல்லிக் கேட்டு அடித்தால் ‘ஷண்முகம்’ எத்தனை விதமாக வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பாஸ்போர்ட் எண்ணில் இன்னொரு பிசகு. இந்தியப் பாஸ்போர்ட் எண்ணில் ஆங்கில எழுத்து முன்னால்தான் வரும், அப்புறமெல்லாம் எண்கள். ஆகவே அந்த எண்களில் வட்டமாக இருப்பதெல்லாம் பூஜ்யம்தான், ‘ஓ’ எழுத்து கிடையாது. அவசரத்தில் ‘ஓ’ அடித்துவிட்டு, அனுமதி வந்த பிறகு முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அனுமதிக்கு ‘இடிஏ’ என்று பெயர். இலங்கைக் குடிவரவுத் துறையின் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். சுற்றுலாவுக்கு 30 நாள் கிடைக்கும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். தேடினால் அரசுத் தளத்தைப் போலவே சோடித்து வைத்த தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், கட்டணத்தைக் கூட்டிப் பிடுங்குவார்கள். முகவரியின் முடிவில் ‘கவ் டாட் எல்கே’ இருக்கிறதா என்று பாருங்கள். தங்குமிடத்தின் முகவரியையும் கேட்பார்கள், அதனால் யாழ்ப்பாணத்தில் முதல் இரவுக்கு அறையை முன்னதாகவே பிடித்துவிடுங்கள்.

சரி, ரயில். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரவு ரயிலான காரைக்கால் எக்ஸ்பிரஸ் வசதி, படுத்து எழுந்தால் நாகை. எழும்பூர் நிலையத்தில் வேலை நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்துக்கு மாறியிருக்கின்றன, ஏறுமிடத்தை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கோவை, ஈரோடு, கரூர் பக்கத்துக்காரர்களுக்கு எர்ணாகுளத்திலிருந்து காரைக்கால் வரும் ரயில், அது மறுநாள் மதியத்துக்குள் கொண்டுவந்து விடும். திருச்சி, தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாகப் பாசஞ்சர்கள் உண்டு. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு சபலம் வரும். ரயில் விடியற்காலையில் வருகிறது, கப்பல் காலையில் போகிறது, இறங்கி நேராக ஏறிவிட்டால் என்ன? செய்யாதீர்கள். பாஸ்போர்ட், சுங்கம், பை சோதனை என்று கப்பல் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே துறைமுகத்தில் இருக்க வேண்டும். போன வருஷம் என்னிடம் டிக்கெட் போட்ட குடும்பம் ஒன்று, ஐந்து பேர், அசந்து தூங்கிவிட்டார்கள். நாகையில் ரயில் நின்றதும் தெரியாது, நாகூர் போனதும் தெரியாது. எழுந்து பார்த்தால் காரைக்கால். பையையும் பாட்டியையும் தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்து வந்து சேர்ந்தபோது வாயில் மூடியிருந்தது. அந்தப் பாட்டி என் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, “நான் முழிச்சுத்தான் இருந்தேன், யாரும் என்னைக் கேக்கலை” என்றார்.

ஆகவே ஒரு நாள் முன்னால் வந்து நாகையில் தங்குங்கள். ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் ஆட்டோவில் சில நிமிடம்தான். விடுதி பிடிக்கவில்லை என்றால் வேளாங்கண்ணி 10 கிலோமீட்டர், அங்கே அறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மட்டும் மாதா கோவில் திருவிழா, அப்போது வேளாங்கண்ணியில் நிற்க இடம் கிடைத்தால் பெரிது. மாலையில் நாகூர் தர்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம்.

வந்தது வந்தீர்கள், ரயில் நிலையத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். தென்னகத்தின் பழைய ரயில் கம்பெனிகளில் ஒன்றான கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா இந்த ஊரிலிருந்துதான் 1861இல் தஞ்சாவூருக்குப் பாதை போட்டது. பட்டறையும் இங்கேதான் இருந்தது, பிறகுதான் திருச்சி பொன்மலைக்குப் போனது. ‘ரஜூலா’ கப்பலும் அதற்குப் பின் ‘சிதம்பரம்’ கப்பலும் பினாங்கு, சிங்கப்பூர் போகிற வழியில் இங்கே ஆள் ஏற்றியவை. கப்பலும் ரயிலும் ஒன்றாக இருந்த ஊர் இது. இப்போது ஆட்டோக்காரரிடம் “கப்பலடி” என்று சொன்னால், “எந்தக் கப்பல்?” என்று திருப்பிக் கேட்கிறார்.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போனபோது 10 கிலோ வரைதான் இலவசம், அதற்கு மேல் காசு. முதல் நாளே ரயில் டிக்கெட், கப்பல் டிக்கெட், இடிஏ மூன்றையும் காகிதத்தில் அச்செடுத்து ஒரே கிளிப்பில் போடுங்கள். கைபேசியில் இருக்கிறது என்பார்கள். துறைமுகத்து வரிசையில் திரையைத் தேய்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குப் பின்னால் நின்று பாருங்கள், காகிதத்தின் அருமை புரியும். பழம், செடி, விதை எதையும் எடுத்துப்போக வேண்டாம், அந்தப் பக்கம் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். என் மனைவி சொன்ன பேச்சைக் கேட்காமல் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கப்பல் கடுவையாற்று முகத்துவாரத்தில் நிற்கும். ஆறு கடலில் சேரும் வரை அசைவே தெரியாது, எல்லாரும் சிரித்துப் பேசிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அலை தட்ட ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் பேச்சு நின்றுவிடும். தூரம் சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். வாந்தி வராமல் இருக்க மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் ஆகாது, பொங்கலும் ஆகாது. இரண்டு இட்லி போதும். இருக்கை கிடைத்தால் நடுவில், பின்பக்கமாக உட்காருங்கள், முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும். கைபேசியைக் குனிந்து பார்க்காதீர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த தம்பி நாலு மணி நேரமும் படம் பார்ப்பேன் என்று ஹெட்போனெல்லாம் மாட்டிக்கொண்டு வந்தார், முக்கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் பையோடு தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

கரை தெரியும்போது பனைமரம் தெரியும், அப்புறம் பழைய சிமெண்ட் ஆலை. காங்கேசன்துறை என்ற பெயருக்கே ஒரு கப்பல் கதை உண்டு. மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குச் சிதம்பரத்திலிருந்து கடல் வழியே வந்த காங்கேயன் சிலை இறங்கிய துறை என்பார்கள். குடிவரவில் தமிழிலேயே கேட்கிறார்கள், தமிழிலேயே சொல்லலாம். மணியை மாற்ற வேண்டாம், அங்கும் இதே நேரம்தான். பணத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். நான் போனபோது நம் ஒரு ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் அளவில் இருந்தது. பெரிய கடைகளில் நம் யுபிஐ எடுக்கும், லங்கா கியூஆர் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பஸ்ஸுக்கும் பிளேன்டீக்கும் கையில் காசு வேண்டும்.

இனி அந்தப் பக்கத்து ரயில். காங்கேசன்துறைதான் வடக்குப் பாதையின் கடைசி நிலையம், துறைமுகத்திலிருந்து தூரமில்லை. ஆனால் கப்பல் வரும் நேரத்துக்கென்று ரயில் விடுவதில்லை. நாகையில் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: அன்றைக்கே கொழும்பு போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். யாழ்ப்பாணம் 18 கிலோமீட்டர், பஸ்ஸில் போய்விடுங்கள். அங்கே இறங்க வேண்டிய இடத்தில் நம் ஊர் மாதிரி “நிறுத்துங்க” என்று நான் கத்தினேன், நடத்துனர் திரும்பியே பார்க்கவில்லை. பின்னால் இருந்த அக்கா ஒருவர் “இறக்கம்!” என்று ஒரு குரல் கொடுத்தார், பஸ் நின்றது. அந்த ஒரு சொல்லை இங்கிருந்தே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போங்கள்.

யாழ்ப்பாண நிலையத்தில் போய், மறுநாளைக்குக் கொழும்பு கோட்டை நிலையம் வரை இருக்கையைப் பதிவு செய்துவிடுங்கள். 30 நாளுக்கு முன்பே இணையத்திலும் பதியலாம், பாஸ்போர்ட் எண் கேட்கும். நம் ஊரைப் போல் படுக்கும் பெட்டியை எதிர்பார்க்காதீர்கள். காலையில் கிளம்பும் யாழ்தேவிதான் என் சிபாரிசு. குளிரூட்டிய இன்டர்சிட்டி வேகம், ஆனால் ஜன்னல் திறக்காது. யாழ்தேவி 1956இல் ஓட ஆரம்பித்தது. போரில் 1990இல் நின்றது, தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். இந்தியாவின் கடனுதவியில் இர்கான் நிறுவனம் ஓமந்தைக்கு வடக்கே பாதையை மறுபடி போட்டு, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் வந்தது. பாதையின் அகலம்கூட நம் அகலப்பாதை அளவேதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மணி நேரம் தாண்டினால் ஆனையிறவு. அங்கே ஜன்னலை விட்டு நகராதீர்கள். இரண்டு பக்கமும் களப்பு, கணுக்கால் அளவுத் தண்ணீரில் நாரைகள், கரையோரம் உப்பு வெள்ளையாகப் படிந்து கிடக்கும். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வந்ததும் எழுந்து கதவருகே போய் நின்றார், கரை ஏறியதும் திரும்பி வந்து உட்கார்ந்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவரே றோல்ஸ் என்ற பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கு நீட்டினார்.

அப்புறம் கிளிநொச்சி, வவுனியா. மதவாச்சியில்தான் தலைமன்னார் பாதை பிரிகிறது, பழைய போட் மெயில் ஆட்கள் வந்து சேர்ந்த தடம். அனுராதபுரம் பார்க்க வேண்டுமென்றால் அங்கேயே இறங்கிவிடலாம். திருகோணமலை, மட்டக்களப்பு போகிறவர்கள் மாகோவில் மாற வேண்டும், கண்டிக்குப் பொல்கஹவெலயில். நேராகப் போனால் ஏழெட்டு மணி நேரத்தில் கோட்டை. பருவ மழையிலும் பாதை வேலைகளிலும் இந்த ரயில்கள் மாறுவது உண்டு, யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் நிம்மதி.

திரும்பி வருவது சுலபம். கப்பலுக்கு முதல் நாளே யாழ்ப்பாணம் வந்துவிடுங்கள். கப்பல் பிற்பகலில் கிளம்பி மாலையில் நாகை வரும், அன்றிரவே சென்னை ரயில் பிடிக்கலாம், இடையில் சாப்பிடக்கூட நேரம் இருக்கும். இந்தப் பக்கம் நான் சேர்த்துப் போடச் சம்மதிப்பேன். கடல் மோசமாகிக் கப்பல் மறுநாளைக்குத் தள்ளினால் ரயில் டிக்கெட் காசு போகும், அது வேறு கதை. எங்களுக்கே ஒரு நாள் தள்ளியது. திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்ப் பனங்கட்டி வாங்கினோம், குட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டிகளில், குட்டான் குட்டானாக. அந்த ஊரிலும் ஒரு திருநெல்வேலி இருப்பதை மனைவி இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வீடு வந்து படுத்த இரவில் கட்டில் ஆடுகிறது என்று எழுப்பினாள். கப்பல் ஆட்டம் இரண்டு நாள் இருக்கும் என்றேன். “இது கப்பல் இல்லீங்க, ஆனையிறவு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.